எல்லையில்லா ஆட்டத்தில் இரண்டு குளிசை

ஸ்கூட்டி ஒன்றைப் பரிசாக வைத்துச் சீட்டு விளையாடலாம் என்ற யோசனை என் மனைவியின் தம்பியுடையது. அவர் கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்தார். நாங்கள் போர்க் காலத்தில் வள்ளத்தில் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய், முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி, மன்னார்த் தீவில் உப்புக்குளத்தில் வீட்டுக்குக் கூரை போட்டு முடித்து, யன்னல்களுக்குக் கதவு போடாமல் இருந்த காலம் அது. யன்னல்கள் திறந்தே கிடந்ததால் எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் அயலுக்கு மனப்பாடம். ஸ்கூட்டிச் சண்டையும் அப்படித்தான்.

மைத்துனர் இங்கே நின்ற நாட்களில் ஓடித் திரிவதற்கென்று அந்த ஸ்கூட்டியைப் பழையதாக வாங்கியிருந்தார். போகும்போது அதை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். மகளுக்குப் பெருநிலப் பக்கம் அடம்பனில் கணினி சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. காலைப் பேருந்து தன் விருப்பத்துக்கு வரும், தன் விருப்பத்துக்குப் போகும். ஸ்கூட்டி இருந்தால் வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்கு. விசயம் அவ்வளவுதான்.

நான் முடியாது என்றேன். காரணங்களையும் சொன்னேன். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் கடலுக்குள்ளால் போகும் தாம்போதிப் பாலத்தில் காற்று ஆளைத் தூக்கி எறியும். மணல் லொறிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். மன்னார்க் கழுதைகள் ரோட்டு நடுவே நின்று யோசிக்கும். அடம்பன் பக்கம் மாடுகள். தெருவோரத்தில் இறங்கினால் மண்ணுக்குள் என்ன மிதிவெடி கிடக்கிறதோ. மழை வந்தால் வழுக்கும், வெயில் என்றால் தலை சுற்றும். சுனாமியையும் சேர்த்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டாள். முகாமில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் அவளுக்கு இந்தியத் தமிழ்தான் வரும்.

“முடிஞ்சிடுச்சாப்பா? பாம்பை விட்டுட்டீங்களே.”

“பாம்பும்தான்,” என்றேன்.

“இஞ்சருங்கோ,” என்றாள் மனைவி குசினியிலிருந்து. “அந்தப் பிள்ளை வேலைக்குப் போகப் போகுது. சண்டைக்கில்லை.”

மைத்துனர் சமாதானத்தை விரும்புகிறவர். குளிர் நாட்டில் இருந்து அப்படி ஆகிவிட்டார். “சரி அத்தான்,” என்றார். “நான் போக முதல் நாள் ஒரு போக்கர் டூர்னமெண்ட் வைப்பம். ஆர் வெல்லுகினமோ, ஸ்கூட்டி அவைக்கு. பிறகு ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.”

நான் உடனே ஒத்துக்கொண்டேன். நான் வென்றால் அந்த ஸ்கூட்டியைத் தார்ப்பாயால் மூடிக் கொட்டிலுக்குள் வைப்பேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். மகள் வென்றால் அவள் போவாள். மனைவி, தான் வென்றாலும் மகள்தான் போவாள் என்றாள். அடுத்த வீட்டுச் சம்மாட்டியார், மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர், யன்னலூடாகத் தலையை நீட்டி, தனக்கும் முழங்கால் நோகிறது, கரைக்குப் போய்வர ஸ்கூட்டி நல்லது என்று சொல்லித் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

மைத்துனர் கொண்டுவந்த பெட்டிக்குள் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் வில்லைகள் இருந்தன. அவற்றைத்தான் பந்தயமாக வைக்க வேண்டும். சம்மாட்டியார் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இது பிரசர் குளிசை மாதிரியெல்லோ கிடக்கு,” என்றார். அவர் இரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை விழுங்குகிறவர்; அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அது குளிசைதான். செய்தி கேள்விப்பட்டுப் பங்குத் தந்தை வீதியால் போகும்போது சைக்கிளை நிறுத்தி, “காசு வைச்சோ விளையாடுறியள்?” என்று கேட்டார்.

“இல்லை பாதர், குளிசை வைச்சு,” என்றார் சம்மாட்டியார்.

பாதர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். சுகவீனர்களுக்காக மன்றாடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் ஏலம்போலக் கேள்வி கேட்பதற்கு ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை. கூட்டாளி ஒருவர் எதிரே இருப்பார். பிழை விட்டால் பழியை அவர் தலையில் போடலாம். இந்த ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. கையில் இரண்டு சீட்டு ஒளிவாக வரும். மேசை நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைப்பார்கள். ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் விரும்பியவர் குளிசை வைக்கலாம். மற்றவர் அதே அளவு வைத்து நிற்க வேண்டும், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலக வேண்டும். எவ்வளவும் வைக்கலாம். கையிலுள்ள முழுவதையும் ஒரே தடவையில் வைக்கலாம். குளிசை முடிந்தவர் எழும்ப வேண்டும்.

“எவ்வளவும் எண்டா? ஒரு உச்ச வரம்பு இருக்குமே?” என்று கேட்டேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். உச்ச வரம்பு இல்லாத எதையும் நான் கையாண்டதில்லை.

“இல்லை அத்தான். அதுதான் ஆட்டமே. எவ்வளவு வைக்கிறது எண்டதுதான் வித்தை. சின்னனா வைச்சா எல்லாரும் மலிவா உள்ளுக்கு வந்து நிண்டு பாப்பினம், கடைசிச் சீட்டில ஆருக்கெண்டாலும் விழும். ஒரேயடியாப் பெரிசா வைச்சா ஒருத்தரும் வரமாட்டினம், நீங்கள் தனிய இருக்க வேண்டியதுதான். எதிர்ல இருக்கிற ஆள் போவமோ நிப்பமோ எண்டு தலையைச் சொறியிற அளவு ஒண்டு இருக்கு. அதை வைக்க வேணும்.”

“அது எத்தினை?”

“ஆருக்கு எதிரா எண்டதைப் பொறுத்தது.”

“ஒரு சராசரி சொல்லுமன்.”

மைத்துனர் தன் அக்காவைப் பார்த்தார். அக்கா, நான் இப்படித்தான் என்பதுபோலக் கையை விரித்தாள்.

அந்த மாதம் பின்னேரங்களில் பழகினோம். ஒவ்வொருவரும் குளிசை வைக்கும் முறை அவரவர் வாழ்க்கை முறை போலவே இருந்தது. சம்மாட்டியார் மூன்றாவது ஆட்டத்துக்குள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிடுவார். “வலை எறிஞ்சா முழுசா இறக்க வேணும் கிளாக்கர். அரைவாசியை வள்ளத்தில வைச்சுக்கொண்டு மீன் வரேல்லை எண்டு அழுறதோ?” என்பார். மனைவி எப்போதும் ஒரு கைப்பிடி அள்ளி வைப்பாள். நல்ல சீட்டுக்கும் ஒரு பிடி, கெட்ட சீட்டுக்கும் ஒரு பிடி.

“அக்கா, எண்ணி வையுங்கோ.”

“நான் சோத்துக்கு அரிசி எண்ணியோ போடுறன்?”

அவள் பிடியைப் பார்த்து அவள் சீட்டை ஒருவராலும் ஊகிக்க முடியவில்லை. மைத்துனர், கனடாவில் இந்த முறையைப் பெரிய ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காகப் பழகுகிறார்கள் என்றார். மகள் ஒவ்வொரு தடவையும் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து, பிறகு தன் குவியலைப் பார்த்து, ஒரு தொகையை எடுத்து வைப்பாள். என் முகத்தைப் பார்ப்பதற்கு அவளுக்கு நேரமே எடுக்கவில்லை.

என் முறை, வைக்காமல் இருப்பது. சீட்டைப் பார்ப்பேன், போட்டுவிடுவேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் அழிக்கட்டும், நான் ஓரமாக இருந்து உயிர் தப்புவேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. வைத்தே ஆக வேண்டும் என்று வந்தால் இரண்டு குளிசை வைப்பேன். அதுதான் ஆகக் குறைந்த அளவு.

மைத்துனர் போவதற்கு முதல் நாள், ஞாயிறு பூசைக்குப் பிறகு, விறாந்தையில் மேசையைப் போட்டுச் சுற்றிக் கதிரைகளை வைத்தோம். ஸ்கூட்டியைத் துடைத்து முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். மைத்துனர் சீட்டுப் பகிர்பவர். மகள் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்தவள்போல் இருந்தாள். நான் மனதுக்குள் ஒரு செபமாலை சொல்லிவிட்டே அமர்ந்தேன். மாதா இந்த விசயத்தில் தகப்பன்மாரின் பக்கமா, பிள்ளைகளின் பக்கமா என்பது எனக்கு நிச்சயமில்லை.

ஆட்டம் கொஞ்சம் போனதும் மைத்துனர் புருவத்தைச் சுருக்கினார். “என்னவோ பிழை. பெட்டியில இருந்து எடுத்த அளவு மேசையில இல்லை.” குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். நாங்களும் குனிந்து பார்த்தோம். மகள் மட்டும் நிமிர்ந்தபடி எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் இரண்டு தெரு தள்ளி ஒரு கலியாண வீட்டில் சீனவெடி கொளுத்தினார்கள்.

நான் எப்படி மேசைக்குக் கீழே போனேன் என்று தெரியாது. போனபோது மனைவி எனக்கு முன்னமே அங்கே இருந்தாள். சம்மாட்டியார் பெரிய உடம்புக்காரர். அவர் கீழே வர முடியாமல் சுவரோடு ஒட்டி நிற்க எழும்பியதில் சாரம் தளர்ந்து, மடியிலிருந்து குளிசைகள் கலகலவென்று சீமெந்து நிலத்தில் கொட்டின. என் காற்சட்டைப் பையிலிருந்தும் சில உருண்டன. மனைவியின் சட்டைக்குள்ளிருந்த சின்னப் பையிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. நானும் அவளும் மேசைக்கடியில் ஒருவர் குளிசையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வெடி ஓய்ந்தது. ஒரு நாய் மட்டும் குரைத்தது.

மைத்துனரும் மகளும் கதிரையிலேயே இருந்தார்கள்.

“ஏன் ஒளிச்சனீங்கள்?” மைத்துனருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “பொக்கெற்றுக்குள்ள இருக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லையே? கடையில மாத்தவும் ஏலாது.”

நாங்கள் மூவரும் பெரிய ஆட்கள். நான் யோசித்து ஒளித்ததில்லை. கையில் ஏதாவது சேர்ந்தால் கொஞ்சத்தை வேறு இடத்தில் வைப்பது என் கைகளுக்குப் பழக்கம். முன்பு அரிசிப் பானைக்குள், சைக்கிள் இருக்கைக்குக் கீழே, பிள்ளையின் சட்டை மடிப்புக்குள். சம்மாட்டியாரும் வலையை முழுசாக இறக்குவதுபற்றி இனிப் பேசுவதற்கில்லை என்ற முகத்தோடு சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

கடைசியில் மனைவிதான் சொன்னாள். “உனக்கு விளங்காது. நீ பிளேனில போனனி.”

மைத்துனர் குனிந்து காலடியில் கிடந்த ஒரு குளிசையைப் பொறுக்கினார். பிறகு சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். “கிளாக்கர், பிரசர் குளிசையைப் பொக்கெற்றில வைச்சிருக்கிறது நல்ல பழக்கம்தான். ஆனா தங்கச்சி எங்க வைச்சிருந்தவ எண்டு நான் பாக்கேல்லை, கடவுள் சத்தியமா.” மனைவி கையில் கிடைத்த சீட்டுக்கட்டை எடுத்து எறிவதுபோல் பாவனை செய்தாள். எல்லோரும் சிரித்தோம். குளிசைகள் திரும்ப மேசைக்கு வந்தன. மகள் எதையும் ஒளிக்கவில்லை. அவள் குவியல் ஆரம்பத்திலிருந்தே வெளிச்சத்தில்தான் இருந்தது.

அதன் பிறகு ஆட்டம் வேகமாகப் போயிற்று. மனைவியின் ஒரு பிடி, சம்மாட்டியாரின் முழு வலையோடு மோதிக் கரைந்தது. அவள் எழும்பி, “நல்லது, மீன் பொரிக்க வேணும்,” என்று குசினிக்குப் போனாள். சம்மாட்டியார் அந்த வெற்றியின் சூட்டில் அடுத்த சீட்டிலேயே எல்லாவற்றையும் மகளுக்கு எதிராகத் தள்ளினார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். “சம்மாட்டி மாமா, மீசையைத் தடவுறீங்கள்,” என்று சொல்லிவிட்டு அதே அளவை வைத்தாள். அவரிடம் நல்ல சீட்டு ஒன்றுமே இருக்கவில்லை. அவர் தன் கதிரையை என் பின்னால் இழுத்துப் போட்டு, எனக்கு ஆலோசகரானார்.

இப்படியாக, ஒன்றும் செய்யாமலே நான் இறுதிவரை வந்துவிட்டேன். எதிரே என் மகள். முற்றத்தில் ஸ்கூட்டி.

சீட்டு வந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு ஆசு, கட்டிலேயே ஆகப் பெரிய சீட்டு. மைத்துனர் நடுவில் மூன்றைத் திறந்தார்: ஓர் ஆசு, எட்டு, ஏழு. என்னிடம் மூன்று ஆசு. இவ்வளவு நல்ல சீட்டு என் வாழ்க்கையில், சீட்டாட்டத்திலும் சரி மற்றதிலும் சரி, வந்ததில்லை. மாதா தகப்பன்மாரின் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது.

எவ்வளவு வைப்பது? மேசை நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. பெரிதாக வைத்தால் அவள் பயந்து விலகிவிடுவாள்; அவளை இருத்தி வைத்து வெல்ல வேண்டும். நான் கணக்குப் போட்டேன். மகளின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. சின்ன வயதில் காய்ச்சல் வரும்போது வியர்ப்பதும் அதே இடத்தில்தான். கை தானாகப் போய் இரண்டு குளிசையை எடுத்து வைத்தது.

“கிளாக்கர்!” என்று பின்னாலிருந்து சம்மாட்டியார் முனகினார்.

மகளும் இரண்டு வைத்தாள். நாலாவது சீட்டு, ராசா. அது யாருக்கும் உதவாது. நான் மறுபடியும் இரண்டு வைத்தேன். சம்மாட்டியார் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றார். மகள் இரண்டு வைத்தாள். கடைசிச் சீட்டு, நாலு.

மகள் இரண்டு கையாலும் தன் குவியல் முழுவதையும் நடுவுக்குத் தள்ளினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம் பிள்ளை, அவசரப்பட்டுவிட்டாள். அவள் குவியல் என்னுடையதைவிடப் பெரியது. நான் நின்றால் என்னிடமுள்ள எல்லாவற்றையும் வைக்க வேண்டும். வைத்தேன். என் இரண்டு ஆசுச் சீட்டையும் விரித்துக் காட்டினேன். ஸ்கூட்டிக்குத் தார்ப்பாயை எங்கே எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவள் ஐந்தையும் ஆறையும் திருப்பி வைத்தாள்.

நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மைத்துனர் விரலால் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டினார். வரிசையாக ஐந்து வந்தால் மூன்று ஆசுச் சீட்டைவிடப் பெரியது. நான் அவற்றை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

“அப்பா,” என்றாள் மகள். வென்றவளின் குரலாக அது இல்லை. ஏதோ பிழை பார்த்தவளின் குரல். “முதல்ல நீங்கள் ஒரு ஆறு ஏழு வைச்சிருந்தா நான் அப்பவே போட்டிட்டுப் போயிருப்பன். என்னட்ட அந்த நேரம் ஒண்டுமே இல்லை. ஏன் ரெண்டு வைச்சனீங்கள்?”

“பெரிசா வைச்சா நீ போயிடுவாய் எண்டுதான்.”

நான் சொன்னது என் காதுக்கே வேறு மாதிரிக் கேட்டது.

மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். “வாய்ப் பேச்சில மட்டும் சுனாமி, லொறி, பாம்பு எண்டு வீடு நிறைய வைப்பார். அவள் ஒண்டையும் நம்பாள். சீட்டு நல்லா வந்து வைக்க வேண்டிய இடத்தில ரெண்டு.”

மைத்துனர் சிரித்துக்கொண்டே சீட்டுகளை அடுக்கினார். “அக்கா, இதை விளங்க நான் மூண்டு வருசம் எடுத்தனான்.”

அவர் விமானம் ஏறியதற்கு அடுத்த திங்கட்கிழமை மகளுக்கு வேலை ஆரம்பம். அதற்கு முந்தின நாள் பின்னேரம் முழுவதும் அவளுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று யோசித்தேன். காற்று, லொறி, மாடு எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வெட்டி, ஒன்றும் மிஞ்சாமல் போகவே, காலையில் அவளுக்கு முன்னமே, கந்தோருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கந்தோரில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். பேருந்து நிலையத்தில் அடம்பன் பேருந்து அன்றைக்கென்று நேரத்துக்கு நின்றது.

தாம்போதியில் அவளைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர். காற்று அவள் சட்டையை ஊதிப் பலூனாக்கியிருந்தது. அவள் ஓரமாக, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். நான் யன்னலால் தலையை வெளியே போட்டேன். சாரதி முந்தப் பார்த்தார்.

“தம்பி, மெதுவா! முந்தாதேங்கோ!” என்று கத்தினேன்.

“ஏன் அண்ணை?” என்றார் கண்டக்டர்.

“அது என்ர மகள்.”

பேருந்து முழுவதும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து பார்த்தது. மீன் கூடையோடு இருந்த அம்மா ஒருத்தி நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “பிள்ளை நல்லாத்தான் ஓடுது. நீங்கள்தான் விழப்போறியள். தலையை உள்ளுக்கு எடுங்கோ.”

எடுப்பதற்குள் மகள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அடம்பன் சந்தியில் இறங்கி நின்றேன். வேறெங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் ஸ்கூட்டி என் முன்னால் வந்து நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“உங்கட கந்தோரை எப்ப அடம்பனுக்கு மாத்தினவை?”

“கத்தரிக்காய் வாங்க வந்தனான். இஞ்ச நல்ல பிஞ்சு.”

“மன்னாரில இல்லாத கத்தரிக்காய்.”

“ஓம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மத்தியானம் வகுப்பு முடியும். அதுமட்டும் இஞ்சயே நில்லுங்கோ. ஒரு இடமும் போகாதேங்கோ. ரோட்டைக் கடக்கேக்க ரெண்டு பக்கமும் பாருங்கோ.” சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் சந்தைக்குப் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்று கத்தரிக்காய் வாங்கினேன். கொஞ்சம் கூடிவிட்டது. மத்தியானம் அந்தப் பையை எங்கள் இருவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினேன். தள்ளாடி என்ற ஊரைத் தாண்டியதும் தாம்போதி தொடங்கிற்று. காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. எதிரே ஒரு லொறி. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா,” என்று கத்தினாள் காற்றுக்குள். “இறுக்காதேங்கோ. எனக்கு மூச்சு விடேலாமல் கிடக்கு.”

கொஞ்சம் தளர்த்தினேன்.

“இன்னும்.”

இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.

“ஐயோ, முழுக்க விடாதேங்கோ! விழுந்திடுவீங்கள்!”

மறுபடியும் பிடித்தேன். இந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அளவு எத்தனை என்று எனக்குத் தெரியாது. அதே அளவில் கையை வைத்துக்கொண்டு, பாலம் முடியும்வரை அசையாமல் இருந்தேன்.